ஹெடிங்லி

ஹெடிங்லி, இங்கிலாந்தின் வடபகுதியில் மேற்கு யார்க்‌ஷயரைச் சேர்ந்த லீட்ஸ் மாநகரின் புறநகர்ப் பகுதி. நகர மையத்துக்கு வடமேற்கே ஏறத்தாழ 3 கி.மீ. தொலைவில், ஓட்லி செல்லும் சாலையில் உள்ளது. கிரிக்கெட் மைதானத்தால் உலகறிந்த இவ்வூர், சிற்றூராக இருந்து செல்வர்கள் குடியிருப்பாகவும் பின்னர் மாணவர்கள் செறிந்த பகுதியாகவும் மாறியது.

தொடக்க வரலாறு

1086-இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நில ஆவணத்தில் ஹெடிங்லி இடம்பெற்றுள்ளது. சுற்றுவட்டார மக்கள் கூடி வழக்கும் நிர்வாகமும் பேசிய இடம் இங்கிருந்த பெரிய ஓக் மரத்தடி என்பது மரபுச் செய்தி. ‘ஸ்கைராக்’ என்ற பழைய நிர்வாகப் பிரிவின் பெயரும் அம்மரத்தால் வந்ததாகக் கருதப்படுகிறது. மரம் 1941-இல் சாய்ந்துவிட்டது. அதன் நினைவைத் தாங்கி ‘ஒரிஜினல் ஓக்’, ‘ஸ்கைராக்’ என்னும் இரு மதுவிடுதிகள் இன்றும் சாலையின் இருபுறமும் எதிரெதிரே உள்ளன.

இடைக்காலத்தில் இப்பகுதி நிலங்கள் அருகிலுள்ள கிர்க்ஸ்டால் மடத்துத் துறவிகள் வசம் இருந்தன. எட்டாம் ஹென்றி காலத்தில், 1539-இல் மடம் கலைக்கப்பட்டது. நிலங்கள் கைமாறி, சவில் குடும்பத்தின் வழியாகக் கார்டிகன் பிரபுக்களான புரூடனெல் குடும்பத்தைச் சேர்ந்தன. கிரிமியப் போரில் 1854-இல் குதிரைப்படையை நடத்திச் சென்ற ஏழாம் கார்டிகன் பிரபு இக்குடும்பத்தவரே. கார்டிகன் சாலை, புரூடனெல் சாலை ஆகியவை அக்குடும்பத்தின் பெயரால் அமைந்தவை.

புறநகராதல்

19-ஆம் நூற்றாண்டில் கம்பளி, பொறியியல் ஆலைகளின் புகை லீட்ஸைச் சூழ்ந்தது. காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசியதால் கரியும் புகையும் நகரின் கிழக்கே சென்றன. மேட்டுநிலமான ஹெடிங்லியில் நல்ல காற்று கிடைத்தது. வணிகர்களும் ஆலை முதலாளிகளும் இங்கே தோட்டம் சூழ்ந்த கல் மாளிகைகளைக் கட்டினர். 1849-இல் ரயில் நிலையம் வந்தது. 1871-இல் லீட்ஸின் முதல் குதிரை டிராம் நகரின் போர் லேனிலிருந்து ஹெடிங்லி ஓக் விடுதி வரை ஓடியது. கார்டிகன் எஸ்டேட் 1888-இல் மனைகளாக விற்பனைக்கு வந்தபின், சிவப்புச் செங்கல் தொடர்வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன.

விளையாட்டு மைதானம்

கார்டிகன் எஸ்டேட் விற்பனையில் ‘17ஏ’ என எண்ணிடப்பட்ட மனையை வாங்கியது லீட்ஸ் கிரிக்கெட், கால்பந்து, தடகள நிறுவனம். 1890-இல் மைதானம் திறக்கப்பட்டது. 1897-இல் ரக்பியின் முதல் சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டமும், 1899-இல் முதல் டெஸ்ட் போட்டியும் இங்கே நடந்தன. 1930-இல் டான் பிராட்மன் ஒரே நாளில் 309 ரன் எடுத்து, மொத்தம் 334 ரன் குவித்தார். 1981-இல் ஃபாலோ-ஆன் பெற்ற இங்கிலாந்து, இயான் போத்தமின் 149 ரன்னாலும் பாப் வில்லிஸின் 8 விக்கெட்டாலும் ஆஸ்திரேலியாவை வென்றது.

இந்தியாவுக்கு இம்மைதானம் தோல்வி, வெற்றி இரண்டையும் தந்தது. 1952-இல் இரண்டாம் இன்னிங்ஸில் கணக்கைத் தொடங்கும் முன்பே இந்தியா 4 விக்கெட் இழந்தது. அவற்றில் மூன்று, அறிமுக வீரர் ஃபிரெட் ட்ரூமனுக்குக் கிடைத்தன. 1986-இல் இங்கு வென்றே இந்தியா தொடரைக் கைப்பற்றியது. 2014-இல் இலங்கையும் இங்கே, ஆட்டத்தின் கடைசிக்கு முந்தைய பந்தில் இங்கிலாந்தின் ஆண்டர்சனை வீழ்த்தித் தொடரை வென்றது. கிரிக்கெட் மைதானமும் ரக்பி மைதானமும் ஒட்டியே இருப்பதால், நடுவிலுள்ள பார்வையாளர் மாடம் இரண்டுக்கும் பொதுவானது. ஒருபுறம் கிரிக்கெட்டும் மறுபுறம் ரக்பியும் பார்க்கலாம்.

பிற அடையாளங்கள்

கார்டிகன் சாலையில் கோட்டைக் கொத்தளம் போன்ற இரு கற்கோபுரங்களுடன் ‘கரடிக் குழி’ உள்ளது. கீழே அடைக்கப்பட்ட கரடியைப் பார்வையாளர்கள் மேலிருந்து பார்த்தனர். 1840-இல் திறக்கப்பட்டு, போதிய வருவாயின்றி மூடப்பட்ட விலங்கியல்–தாவரவியல் பூங்காவில் எஞ்சிய சின்னம் இது. ஜே. எல். பியர்சன் வடிவமைத்த புனித மைக்கேல் தேவாலயம் 1880-களில் கட்டப்பட்டது. காட்டேஜ் ரோடு திரையரங்கு 1912 முதல் படம் காட்டிவருகிறது. சிறுவர் இலக்கிய எழுத்தாளர் ஆர்தர் ரான்சம் 1884-இல் இங்கே பிறந்தார்.

இன்று

லீட்ஸின் பல்கலைக்கழகங்கள் வளர்ந்தபோது, பழைய வீடுகள் அறை அறையாக மாணவர்களுக்கு வாடகைக்கு விடப்பட்டன. குடும்பங்கள் குறைவதாக நெடுநாள் குடியிருப்போர் முறையிட்டுவந்தனர். 2012 முதல், குடும்ப வீட்டைப் பலர் பகிரும் வாடகை வீடாக மாற்ற மாநகராட்சியின் திட்ட அனுமதி தேவைப்படுகிறது.