புல்லட் வண்டியும் ஆறு வோல்ட் மின்சாரமும்

பழைய புல்லட் மோட்டார் சைக்கிளை ஓட்டிப் பழகியவர்கள் அதனை எடுத்த எடுப்பில் உதைத்துக் கிளப்புவதில்லை. சாவியைத் திருப்பிவிட்டு, முன்விளக்கின் மேற்புறத்தில் பதிந்துள்ள அம்மீட்டர் என்னும் சிறு வட்டக் கருவியை நோக்குவார்கள். கிக்கரைக் காலால் மெல்ல அழுத்த, அதன் முள் இடப்புறம் சாயும். மேலும் அழுத்த, ஓரிடத்தில் திடீரென நடுவிற்குத் திரும்பும். அந்தக் கணத்தில் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் சிறிது தள்ளி, லீவரை விட்டுப் பின்னர் ஓங்கி உதைத்தால் வண்டி கிளம்பும். இச்சடங்கினைத் தந்தையிடமோ அண்டை வீட்டாரிடமோ கற்றவர்கள் நம்மிடையே பலர் உண்டு. முள் ஏன் சாய்கிறது, ஏன் திரும்புகிறது என்று கேட்டறிந்தவர்கள் சிலரே. அக்கேள்விக்கு விடை காண நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் எஞ்சினுக்கு வேண்டுவது ஒரு தீப்பொறி. அதனை உரிய நேரத்தில் உண்டாக்குவதே ஆதிகாலத்து மோட்டார்காரர்களுக்குப் பெருந்தலைவலியாக இருந்தது. ஜெர்மனியில் ராபர்ட் பாஷ் 1887-இல் ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் எஞ்சினுக்கு மாக்னெட்டோ ஒன்றைச் செய்தார். 1897-இல் அது மோட்டார் வண்டியில் ஏறியது. அவருடைய எஞ்சினீயர் காட்லோப் ஹோனோல்டு 1902-இல் உயர் அழுத்த மாக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கினார். எஞ்சின் சுழலும் வேகத்தில் காந்தமும் கம்பிச் சுருளும் சேர்ந்து தமக்குத் தாமே மின்சாரம் உண்டாக்கிக்கொள்ளும்; பாட்டரி என்பதே வேண்டாம். சுமார் பத்தாண்டுகள் சென்றபின் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் வேறு வழி கண்டார். பாட்டரியின் மின்சாரம் ஒரு காயிலில் ஓடும். பாயிண்ட் திறந்து அதனைத் துண்டிக்கும். துண்டித்த கணத்தில் பொறி பிறக்கும். காடிலாக் காரில் இம்முறை வந்தது.

இவ்விரண்டில் எது சிறந்தது என்ற வழக்கு மோட்டார் சைக்கிள் உலகில் நெடுங்காலம் தீரவில்லை. பாட்டரி செத்தாலும் மாக்னெட்டோ வண்டி ஓடும். ஆனால் மெல்லச் சுழலும்போது அதன் பொறி நலிவுற்றிருக்கும். காயில் முறையில் முதல் உதையிலேயே நல்ல பொறி கிடைக்கும். ஆனால் பாட்டரி இறங்கினால் வண்டியும் நின்றுவிடும். பிரிட்டிஷ் வண்டிகளில் பல்லாண்டுகள் மாக்னெட்டோவே ஆட்சி செய்தது. விளக்குக்கான டைனமோவையும் அதன் முதுகில் ஏற்றி, மாக்டைனோ என்ற பெயரில் லூகாஸ் கம்பெனியார் விற்றனர். 1949-இல் விற்பனைக்கு வந்த 346 சி.சி. புல்லட்டிலும் அதுவே இருந்தது. அதன் சுருளுக்குள் காப்பாகப் பூசியது நம் அரக்குதான். சோட்டா நாகபுரிக் காடுகளின் சரக்காகிய அரக்கு, எஞ்சினின் சூட்டில் இளகி, ‘குளிர்ந்தால் ஓடும், சுட்டால் நிற்கும்’ என்ற விசித்திர நோயைப் பல மாக்னெட்டோக்களுக்குத் தந்தது. அதனைத் தெருவோரத்தில் நின்று சரிசெய்ய ஒருவராலும் இயலாது.

1953-ஆம் ஆண்டு மாடலில் டிரையம்ப் ஸ்பீட் ட்வின் வண்டி ஆல்டர்னேட்டரையும் காயிலையும் ஏற்றது. பாட்டரியை நம்பாத பழைய ஓட்டுநர்களைச் சமாதானப்படுத்த, அதன் சாவியில் ‘அவசரம்’ என்றொரு நிலையும் இருந்தது. அந்நிலையில் ஆல்டர்னேட்டரின் மின்சாரம் நேரே காயிலுக்குப் போகும். புதியதை ஏற்கும்போதும் பழையதற்கு ஒரு பின்வாசல் வைக்கும் இவ்வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது.

புல்லட் நம் நாட்டுக்கு வந்தது இம்மாறுதல்களின் நடுவில். எல்லைக் காவலுக்கென 1950-களில் இந்திய அரசாங்கம் இவ்வண்டியைத் தேர்ந்தெடுத்தது. 1955-இல் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியும் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்பீல்டு இந்தியாவை நிறுவின. வடசென்னையை அடுத்த திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் உதிரிகளைப் பூட்டும் வேலை. 1957-இல் வார்ப்பு, கடைசல் வேலைகளுக்கான கருவிகள் வந்தன. 1962-இல் வண்டியின் எல்லா உறுப்புகளும் இங்கேயே ஆயின. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. பத்தாண்டு கழித்து, 1977-இல், திருவொற்றியூர் வண்டிகள் பிரிட்டனுக்கே ஏற்றுமதியாயின.

இங்கே நிலைபெற்ற புல்லட்டின் மின்சாரம் ஆறு வோல்ட். பாட்டரி, காயில், பாயிண்ட், கண்டென்ஸர், ஆல்டர்னேட்டர் ஆகியவற்றோடு, இவையனைத்தின் நாடியையும் காட்ட ஓர் அம்மீட்டர். பாயிண்ட் மூடியிருக்கையில் காயிலுக்கு மூன்று நான்கு ஆம்பியர் ஓடுவதால் முள் இடப்புறம் சாய்கிறது. பிஸ்டன் அழுத்த வீச்சின் உச்சியை எட்டும் தருவாயில் பாயிண்ட் திறக்கிறது. ஓட்டம் நின்று முள் நடுவிற்கு வருகிறது. இதனைப் புரிந்துகொண்டவருக்கு வேறு கருவியே தேவையில்லை. கிக்கரை அழுத்தியும் முள் அசையவில்லையெனில் மின்சாரம் வரவேயில்லை: பியூஸோ, இணைப்போ, பாயிண்டில் படிந்த அழுக்கோ காரணம். சாய்ந்த முள் திரும்பவேயில்லையெனில் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது எங்கோ எர்த் ஆகிவிட்டது. முள் ஒழுங்காக ஆடியும் வண்டி கிளம்பாவிட்டால், கண்டென்ஸரையும் காயிலின் உயர் அழுத்தப் பக்கத்தையும் பிளக்கையும் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது விளக்கைப் போட்டதும் முள் இடப்புறமே கிடந்தால் சார்ஜ் ஏறவில்லை.

ஆறு வோல்ட்டுக்கு ஒரு சாபமும் உண்டு. 30 வாட் விளக்குக்குப் பன்னிரண்டு வோல்ட்டில் 2.5 ஆம்பியர் போதும். ஆறு வோல்ட்டில் 5 வேண்டும். துருப்பிடித்த இணைப்பொன்றில் 0.1 ஓம் தடை இருந்தால் ஆறில் அரை வோல்ட், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு, வழியிலேயே போய்விடும். பன்னிரண்டு வோல்ட் வண்டியில் இந்த நஷ்டம் நாற்பத்தெட்டில் ஒரு பங்குதான். விளக்கு மங்கினால் பாட்டரியைப் பழிப்பவர் பலர். குற்றம் பெரும்பாலும் எர்த் ஒயரில் இருக்கும்.

நானும் அவ்வாறு பழித்தவனே. பல ஆண்டுகளுக்கு முன் ஆல்வார் சாலையில், அந்தி சாயும் வேளையில், வண்டி நின்றது. பாட்டரி வாங்கி ஒரு மாதம் ஆகவில்லை. விற்றவரை மனத்தில் வைது கொண்டே தள்ளிச் சென்று, வேப்பமரத்தடிப் பட்டறை ஒன்றை அடைந்தேன். முதிய மிஸ்திரி எஞ்சினைத் தொடவேயில்லை. முன்விளக்கைப் போடச் சொல்லி முள்ளைப் பார்த்தார். அது சற்றே துடித்து நின்றது. “கரண்ட் இருக்கிறது, போக வழியில்லை” என்று இந்தியில் சொல்லி, பாட்டரியின் எர்த் ஒயர் சட்டத்தோடு சேரும் போல்ட்டைக் கழற்றினார். அதனடியில் வெண்பொடி பூத்திருந்தது. உப்புத்தாளால் இருபுறமும் தேய்த்து முடுக்கியதும் முள் இடப்புறம் பாய்ந்தது. வேப்பமரத்தின் அடி முழுதும் வெளிச்சம். அவர் வாங்கிய கூலி ஒரு தேநீருக்குரியது.

மலைப்பாதைகளில் இவ்வறிவு உயிர்காக்கும் அறிவாகிவிடும். 1960-இல் எல்லைச் சாலைகள் அமைப்பு தோன்றியபின், லடாக்கின் உயர்ந்த கணவாய்களுக்கும் வாகனங்கள் போயின. கர்துங் லா சுமார் 5,350 மீட்டர். அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறையப் பாதி. பெட்ரோல் கலவை கனத்துப் பிளக்கில் கரி படியும்; வண்டி திக்கும்; ஓட்டுபவர் மின்சாரக் கோளாறென்று காயிலை மாற்றுவார். முள் ஒழுங்காக ஆடுகிறதா என்று பார்த்தால் இவ்வீண் வேலை மிச்சம். குளிரோ வேறு வகையில் தண்டிக்கும். முழுச் சார்ஜ் உள்ள பாட்டரியின் அமிலம் கடுங்குளிரிலும் உறையாது. சார்ஜ் இறங்கியதோ பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி அளவிலேயே உறைந்து, பாட்டரியே வெடித்துப் பிளக்கக்கூடும். ஆகவே இரவில் சாவியை அணைக்க மறப்பது அங்கே சிறிய பிழையன்று. பாயிண்ட் மூடிய நிலையில் எஞ்சின் நின்றிருந்தால், மூன்று நான்கு ஆம்பியர் ஓசையின்றி ஓடிக்கொண்டே இருக்கும். அதையும் முள் காட்டும். பார்க்க ஆள் வேண்டும்.

நம் பட்டறைகளின் மொழியிலும் பழைய யந்திரங்களின் சுவடு உண்டு. பாயிண்ட்டைத் தமிழ் மெக்கானிக்கும் இந்தி மிஸ்திரியும் ‘பிளாட்டினம்’ என்றே சொல்லக் கேட்டிருக்கிறேன். டங்ஸ்டனால் ஆன பாயிண்ட்டுக்கு, பழைய மாக்னெட்டோவின் பிளாட்டினம் முனை தன் பெயரை விட்டுச் சென்றிருக்கிறது. ஊர் விட்டு ஊர் வந்த நம்மவர் மொழி தெரியாத பட்டறையிலும் ‘பிளாட்டினம், கண்டென்ஸர், எர்த்’ என்ற மூன்று சொற்களால் காரியம் முடித்துக்கொண்டது இதனால்தான்.

இவ்வேற்பாடு ஒருநாளில் மறையவில்லை. முதலில் ஆறு வோல்ட் பன்னிரண்டாயிற்று. பின்னர் 2001-இல் வந்த எலெக்ட்ராவில் பாயிண்ட் நீங்கி எலெக்ட்ரானிக் கருவி வந்தது. 2009-இல் புதிய எஞ்சின் வந்தபின் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் நிறுத்தப்பட்டது. 2020 ஏப்ரல் முதல் புகை விதிகள் கடுமையாயின, கார்புரேட்டரும் போயிற்று. புதிய வண்டி பெரும்பாலும் கெடுவதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மழையில் பாயிண்ட் நனைந்து நின்ற துன்பத்தை அறிந்தவர் எவரும் அக்காலத்துக்கு ஏங்கமாட்டார். ஆனால் கெட்டால், அதன் கம்ப்யூட்டரோடு பேசும் கருவி உள்ள இடத்துக்கு ஏற்றிச் செல்ல வேண்டும். வேப்பமரத்தடியில் அக்கருவி இராது.

2023-இல் வெளிவந்த புல்லட்டில் முன்விளக்கின் பக்கத்து இரு சிறு விளக்குகள் பழைய அமைப்பிலேயே இருக்கின்றன. அம்மீட்டர் இல்லை. தில்லிக் கரோல் பாகில், நம்மவர் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் தெருக்களுக்கு அருகே, மோட்டார் சைக்கிள் கடைகளில் அம்மீட்டர் இன்னும் கேட்டால் கிடைக்கிறது. வாங்குகிறவரிடம் கடைக்காரர் கேட்கும் முதற் கேள்வி, வண்டி ஆறு வோல்ட்டா பன்னிரண்டா என்பதே.