ஒரே மெட்டு, ஊருக்கொரு பேர்

ஓவேலி எஸ்டேட் லைன் வீட்டுக் குழந்தையிடம் 'ட்விங்கிள் ட்விங்கிள்' பாடச் சொல்லுங்கள்; தயங்காமல் பாடும். ஆனால், மெட்டு இங்கிலீஷ்காரன் சரக்கு இல்லை. 18-ம் நூற்றாண்டு பிரெஞ்சு மெட்டு. மொசார்ட் அதை வைத்துக்கொண்டு 12 விதமாக விளையாடினார். ஜேன் டெய்லர் 1806-ல் எழுதிய நட்சத்திரக் கவிதை பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது. ஏ, பி, சி, டி பாட்டும் இதே மெட்டுதான். 'பா பா பிளாக் ஷீப்'பும் கிட்டத்தட்ட இதே.

நம்மூரில்? முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835) கைக்கு வந்ததும் அது 'சியாமளே மீனாட்சி' ஆகிவிட்டது! சென்னைக் கோட்டை பேண்டு வாத்தியம் காதில் விழுந்ததன் விளைவு என்பார்கள். ஐரிஷ், ஸ்காட்டிஷ் ஆட்ட மெட்டுகளையும் மனுஷர் விட்டுவைக்கவில்லை. சம்ஸ்கிருத சாகித்யம் கோத்து, 'நோட்டுஸ்வரம்' என்று சுமார் 40 உருப்படிகள்.

'காப்பிதானே?' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'காட் சேவ் தி கிங்' இருக்கிறதே, வெள்ளைக்காரன் எழுந்து நின்று ராஜாவுக்காகப் பாடுகிற பாட்டு, அதிலிருந்து ராஜாவை இறக்கிவிட்டு, 'சந்ததம் பாஹிமாம்' என்று அம்பாளை உட்கார வைத்தார். அதுவும் கோட்டையில் கம்பெனிக் கொடி பறந்த காலத்திலேயே!