நல்லெண்ண உத்தரவாதம்

வாரண்டி முடிந்த வண்டியின் பழுதுச் செலவில் ஒரு பங்கைத் தயாரிப்பு நிறுவனம் தன் விருப்பத்தின்பேரில் ஏற்பது. சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை, கேட்டவருக்கே கிடைக்கும். ஷோரூமின் சர்வீஸ் மேலாளர் பரிந்துரைக்க, நிறுவனத்தின் வட்டார அலுவலகம் முடிவுசெய்யும். வாரண்டி முடிந்து எத்தனை நாள், ஓடிய கிலோமீட்டர், அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் விடாமல் செய்த சர்வீஸ் ஆகியவை எடைபோடப்படும். பழுது பார்க்கும் முன்பே எழுத்தில் கேட்பது மிக முக்கியம். கழற்றிய பாகம் குப்பைக்குப் போனபின் குறையை நிரூபிப்பது கடினம்.

எண்ணூரில், 1948இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸும் (இன்றைய அசோக் லேலண்ட்), திருவொற்றியூரில் 1950களின் நடுவிலிருந்து என்ஃபீல்டும் வாகனம் செய்த வடசென்னையிலும் வழி இதுவே. ஆலை வாசலில் முறையிட்டுப் பயனில்லை. இங்கே உப்புக்காற்றின் துருவும் கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலைகளின் தேய்மானமும் மறுப்புக்கு எளிய காரணங்களாகும். ஆகவே குறை பாகத்தில்தான் என்பதற்குப் படமும் மெக்கானிக்கின் எழுத்துக் குறிப்பும் தேவை.

குறையுள்ள வண்டிகளை நிறுவனமே திரும்ப அழைப்பது வேறு. 2021 மே மாதத்தில் ராயல் என்ஃபீல்டு இக்னிஷன் காயில் குறைக்காக 2,36,966 பைக்குகளை அழைத்தது. அத்தகைய பழுதுக்கு உரிமையாளர் பணம் தர வேண்டியதில்லை. சேசிஸ் எண்ணைக் கொண்டு உங்கள் வண்டி திரும்ப அழைக்கப்பட்டதா என்று முதலில் சரிபார்ப்பதே நல்லது.

நல்லெண்ண உத்தரவாதம் மறுக்கப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். உற்பத்திக் குறை என்று நம்பினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி 2 ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். வாங்கிய விலை 5 லட்சம் ரூபாய்வரை எனில் கட்டணமில்லை.