கடுக்காயும் இரும்பும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

தினம் ஒரு ஸ்பூன் கடுக்காய்ப் பொடி சாப்பிட்டால் எல்லா நோயும் ஓடிவிடும் என்ற செய்தி நம் குடும்பக் குழுவில் இந்த வாரம் மூன்றாவது முறையாக வந்துவிட்டது. இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் பெண்பிள்ளைகளும் அதே குழுவில் இருக்கிறார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அடிவாரத்துக்காரர்களுக்குக் கடுக்காயை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சேர்வராயன் மலைக் காட்டில் விளைவது. பழைய கட்டடங்களின் சுண்ணாம்புக் கலவையில் கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லத்தையும் சேர்த்து அரைத்தார்கள். தோல் பதனிடுகிறவர்கள் ஆவாரம்பட்டையோடு இதையும் வாங்கினார்கள். அன்னபேதியோடு சேர்த்தால் எழுதுகிற மை. எட்டாம் வகுப்பில் கடுக்காய்க் கஷாயத்தில் துருப்பிடித்த ஆணியைப் போட்டு வைத்தோமே, மறுநாள் கன்னங்கரேல் என்று ஆகியிருந்ததே, அதுதான் அந்த மை.

இத்தனைக்கும் காரணம் கடுக்காயில் இருக்கும் டானின்கள். அவை உடையும்போது கிடைப்பது காலிக் அமிலம். இதை 1786-இல் தனியாகப் பிரித்தவர் சுவீடன் நாட்டு மருந்தாளர் ஷீலே. ஆக்சிஜன் பாடத்தில் பிரீஸ்ட்லியோடு சேர்த்துப் படித்த அதே ஷீலே. அவர் எடுத்தது கடுக்காயிலிருந்து அல்ல, ஓக் மரப் புடைப்பிலிருந்து. சிறு குளவி முட்டையிடும் இடத்தில் மரம் வீங்கிக் காய் போல ஆகும். குழந்தைக்கு உரை மருந்து இழைக்கும்போது மாசிக்காய் என்று ஒன்றை எடுப்பார்களே, அதுவும் அந்த வகைப் புடைப்புதான். ஆங்கிலத்தில் புடைப்புக்கு 'கால்' என்று பெயர். அமிலத்தின் பெயர் அங்கிருந்து வந்தது.

வெள்ளை அல்லது இளமஞ்சள் தூள். வாய்பாடு C₇H₆O₅. குளிர்ந்த நீரில் கொஞ்சமாகவும் வெந்நீரில் நன்றாகவும் கரையும். பென்சீன் வளையத்தில் அடுத்தடுத்து மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள். ஆக்சிஜனையும் இரும்பையும் பிடித்து இழுப்பது அவைதான்.

புகைப்படக் கலைக்கும் இது உதவியது. 1841-இல் டால்பட் காப்புரிமை வாங்கிய காகித நெகட்டிவ் முறையில், கண்ணுக்குத் தெரியாத பிம்பத்தை வெளிக்கொண்டுவந்தது காலிக் அமிலமும் வெள்ளி நைட்ரேட்டும் சேர்ந்த கரைசல். அந்தக் காகித நெகட்டிவ் வேலையில் தேர்ந்தவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப். 1856-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரானார். மதுரை, தஞ்சை, திருச்சி எல்லாம் சுற்றினார். 1858-இல் வந்த அவருடைய தொகுப்புகளில் ஒன்று இராயக்கோட்டையும் அன்றைய சேலம் மாவட்டத்தின் வேறு சில இடங்களும். மறுவருடமே ஆளுநர் டிரெவிலியன் இது ஆடம்பரச் செலவு என்று வேலையை நிறுத்திவிட்டார். அரசாங்கச் சிக்கனம் எப்போதும் இப்படிப்பட்ட இடத்தில்தான் கை வைக்கும்!

இனி விஷயத்துக்கு வருகிறேன். மைக்கூட்டில் நடப்பதுதான் வயிற்றிலும் நடக்கிறது. டானினும் காலிக் அமிலமும் உணவிலும் மாத்திரையிலும் உள்ள இரும்பைக் கட்டிக்கொள்ளும். கட்டுண்ட இரும்பைக் குடலால் சரியாக உறிஞ்ச முடியாது. காப்பி, டீயும் இதில் சேர்த்திதான். கலெக்டர் காக்பர்ன் 1820-களில் ஏற்காட்டுக்குக் கொண்டுவந்த காப்பியில் இருப்பது குளோரோஜெனிக் அமிலம், இதே ஃபீனாலிக் குடும்பத்து உறவுக்காரர். 1983-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உணவோடு ஒரு கப் காப்பி குடித்தவர்களுக்கு இரும்பு உறிஞ்சப்படுவது 39 சதவீதம் குறைந்தது, டீ குடித்தவர்களுக்கு 64 சதவீதம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் காப்பி குடித்தபோதும் அதே குறைவு. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்தபோது குறையவில்லை. பள்ளியில் வாரம் ஒரு நாள் இரும்பு மாத்திரை கொடுக்கும்போது டீயோடு விழுங்காதே என்று விரட்டியது இதற்காகத்தான்.

காலிக் அமிலம் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் என்பது உண்மை. இதன் எஸ்டரான புரொப்பைல் காலேட்டை எண்ணெய் காறிப்போகாமல் இருக்கச் சேர்க்கிறார்கள். சோதனைக் குழாயில் கிருமிகளை அடக்குவதும் உண்மை. ஆனால் குழாயில் நடப்பதெல்லாம் உடம்பில் நடந்துவிடாது. கடுக்காயைக் கொட்டை நீக்கித்தான் சித்த மருத்துவத்தில் சேர்க்கிறார்கள், கர்ப்பிணிகளுக்கு விலக்கியும் வைக்கிறார்கள். குழுவில் வந்த செய்தியில் இந்த இரண்டும் இல்லை. யாராவது சாப்பிடத்தான் வேண்டுமென்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டு, மாத்திரை வேளையிலிருந்து தள்ளிச் சாப்பிடுங்கள்.

பள்ளிகளில் வேதியியல் எடுக்கும் என் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. காலிக் அமிலத் தூள் கண்ணையும் மூக்கையும் உறுத்தும். கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள். பழுப்புப் பாட்டிலில் இறுக மூடி, வலுவான ஆக்சிஜனேற்றிகளிடமிருந்து தள்ளி வையுங்கள். காரம் பட்டால் காற்றில் பழுப்பாகிவிடும். திறந்த குழாயில் போட்டுச் சூடாக்கிக் காட்ட வேண்டாம். சுமார் 250 டிகிரியில் கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டு பைரோகலால் ஆகிவிடும். அது நஞ்சு, தோல் வழியாகவே உடம்பில் ஏறும். ஆணியும் கஷாயமும் போதும், பிள்ளைகளுக்கு அதுவே நன்றாகப் புரியும்.