இராமலிங்க அடிகளும் பட்டப்பெயரும்

சமயத் தலைவர்தம் எளிமையை ஆராய்வார் பெரும்பாலும் அவர்தம் உடையையும் உணவையுமே நோக்குவர். பிறர் சூட்டும் பட்டங்களை அவர் ஏற்ற முறையும் நோக்கற்பாலது என்பது எம் கருத்து.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-இல் தோன்றிய இராமலிங்க அடிகள் காவி புனையாது வெள்ளாடையே உடுத்தவர். தம் பாடல்களை அச்சேற்றவும் அவர் எளிதில் இசைந்திலர். இறுக்கம் இரத்தின முதலியார் பன்முறை வேண்டிய பின்னரே இசைந்தார். அப்பொழுதும், தம்மை 'இராமலிங்கசாமி' என வழங்குதல் தமக்கு உடன்பாடன்று என்றும், அஃது ஆரவாரமாகத் தோன்றுகின்றது என்றும் முதலியார்க்குக் கடிதம் விடுத்தார்.

அன்பர்கள் அவ்விலக்கைச் சொல்லளவிற் போற்றினர். 1867-இல் வெளிவந்த திருவருட்பாவின் முகப்பில் 'சாமி' என்பது நீங்கியது; எனினும், அதனினும் பெரிதாகிய 'திருவருட்பிரகாச வள்ளலார்' என்னும் பெயர் இடம்பெற்றது. அதனை வழங்கியவர் தொழுவூர் வேலாயுத முதலியார். இப்பெயரும் 'அருட்பா' என்னும் நூற்பெயரும் ஆறுமுக நாவலரின் மறுப்புக்கு இலக்காயின. பூசல் 1869-இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது.

முகப்பை மட்டும் கண்டார் அடிகள் புகழ் விரும்பினார் எனக் கருதக்கூடும். முகப்பு மாணாக்கர்தம் அன்பிற்குச் சான்று. கடிதமே அடிகள் உள்ளத்திற்குச் சான்று. இதனை வலியுறுத்தும் மற்றொரு சான்றும் உண்டு. 1867 மே 23-இல் வடலூரில் பசித்தோர்க்கு உணவளிக்க அவர் தொடங்கிய சத்திய தருமச்சாலையும், 1872-இல் வழிபாடு தொடங்கிய சத்திய ஞான சபையும் அவர் பெயரைத் தாங்கவில்லை. தாமே பெயரிட்ட இடங்களில் தம் பெயரை வையாமையே அடிகளின் பணிவை ஐயமின்றி உணர்த்துகின்றது.