சூசி தாருவும் ஐதராபாத்துப் பெண்வரலாற்று முயற்சிகளும்

இலக்கியப் பேராசிரியர் ஒருவர் வாய்மொழி வரலாற்றுக்கும் அங்கிருந்து மருத்துவ ஆய்வுக்கும் சென்றால் அதனைத் துறைமாற்றம் என்று கருதுவோர் உளர். ஐதராபாத்தில் ஆங்கில, அயல்மொழிகள் நடுவண் நிறுவனத்தில் (2007 முதல் இது பல்கலைக்கழகம்) பணியாற்றிய சூசி தாருவின் ஆய்வுப் பயணம் அவ்வாறு கொள்ளத்தக்கதன்று. யாருடைய சொல் சான்றாக ஏற்கப்படுகின்றது என்னும் வினாவே அவர்தம் பணிகள் அனைத்தையும் இணைக்கின்றது.

1978இல் ஐதராபாத்தில் தோன்றிய ஸ்த்ரீ சக்தி சங்கடன என்னும் பெண்கள் அமைப்பு, தெலங்கானா ஆயுதப் போராட்டத்தில் (1946-1951) பங்கேற்ற பெண்களின் வாய்மொழிகளைத் திரட்டியது. வசந்த கண்ணபிரான், கே. லலிதா, சூசி தாரு முதலியோர் இதில் ஈடுபட்டனர். விசுனூர் தேசமுக்கை எதிர்த்துத் தம் விளைச்சலைக் காத்த சிட்யால அயிலம்மா, ஆயுதமேந்திய மல்லு சுவராஜ்யம் ஆகியோர் இதில் பேசுகின்றனர். 1986இல் 'மனகு தெலியனி மன சரித்ர' (நமக்குத் தெரியாத நம் வரலாறு) என்று தெலுங்கிலும், 1989இல் 'வீ வேர் மேக்கிங் ஹிஸ்டரி' என்று ஆங்கிலத்திலும் இது நூலாயிற்று.

இவ்விரு தலைப்புகளும் கருதத்தக்கவை. தமிழின் 'நம்' போன்றே தெலுங்கின் 'மன' கேட்போரையும் உளப்படுத்துவது. வரலாற்றை அறியாதார் பட்டியலில் படிப்பவரும் தொகுத்தவரும் அடங்குவர். ஆங்கிலத் தலைப்பிலோ பேசுவோர் போராடிய பெண்கள். படிப்பவர் வெளியே நிற்கின்றார். உளப்பாட்டுத் தன்மைப் பன்மை இல்லாத மொழியில் இஃது இயல்பே. எனினும் ஆங்கிலப் பதிப்பை மட்டும் கொண்டு ஆய்வோர் தெலுங்குத் தலைப்பின் தற்குற்றச்சாட்டைத் தவறவிடுவர். வாய்மொழிச் சான்றுக்கு மூலமொழிப் பதிப்பையே முதன்மையாகக் கொள்ளல் முறை.

கே. லலிதாவுடன் இணைந்து தாரு பதிப்பித்த 'விமன் ரைட்டிங் இன் இந்தியா' (1991, 1993) பதினொரு மொழிகளின் பெண் எழுத்தை இரு தொகுதிகளில் தருகின்றது. அதன் முன்னுரையில் தமிழர்க்கு அணுக்கமான செய்தி ஒன்றுண்டு. தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிம்மன் அவையில் விளங்கிய முத்துப்பழனியின் 'ராதிகா சாந்தவனமு' என்னும் தெலுங்குக் காப்பியத்தைப் பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910இல் சென்னையில் பதிப்பித்தார். ஆபாசம் எனக் குற்றஞ்சாட்டி அரசு படிகளைக் கைப்பற்றியது. விடுதலையை ஒட்டியே தடை நீங்கியது. திருவையாற்றில் தியாகராசர் சமாதிப் பணிக்காக நாம் போற்றும் நாகரத்தினம்மாளைப் பதிப்பாசிரியராக எத்துணைப் பேர் அறிவர்?

1985இல் நிறுவப்பட்ட அன்வேஷி பெண்கள் ஆய்வு மையத்தின் தொடக்ககால உறுப்பினருள் தாருவும் ஒருவர். தேசிய ஊட்டச்சத்து நிறுவன மருத்துவர் வீணா சத்ருக்னாவும் இவ்வட்டத்தினரே. பெண்களின் உடல்நலம் பற்றி இவர்களிடமிருந்து 1991இல் வந்த தெலுங்கு நூலின் பெயர் 'சவாலட்ச சந்தேகாலு'. ஒன்றேகால் இலட்சம் ஐயங்கள் என்பது பொருள். மருத்துவரின் விடையை விடப் பெண்ணின் ஐயம் தலைப்பாயிற்று.

இப்போக்கின் நீட்சியை வேலூரில் காணலாம். கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும் அன்வேஷி ஆய்வாளர்களும் கூடி உழைத்ததன் பயனாக, ஆனந்த் சகரியா, ஆர். ஸ்ரீவத்சன், சூசி தாரு ஆகியோர் பதிப்பித்த 'டுவர்ட்ஸ் எ கிரிட்டிகல் மெடிகல் பிராக்டிஸ்' 2010இல் வெளிவந்தது. மேலை மருத்துவ நூலறிவு இந்திய நோயாளிக்கு எவ்வளவு பொருந்தும் என அது வினவுகின்றது. அடுத்த ஆண்டே கே. சத்தியநாராயணாவுடன் இணைந்து தமிழ், மலையாளத் தலித் எழுத்துகளின் தொகுப்பைத் தாரு வெளியிட்டார்.

தமிழில் இத்தகைய தொகுப்புக்குரிய களம் உண்டு. கீழத்தஞ்சை உழவர் இயக்கத்தின் மணலூர் மணியம்மையின் வாழ்வை ராஜம் கிருஷ்ணன் கள ஆய்வு செய்து 'பாதையில் பதிந்த அடிகள்' நாவலாக்கினார். ஆயினும் அது நாவல். பேசுவது நாவலாசிரியரின் மொழி. அவ்வியக்கத்தில் நின்ற கூலிப்பெண்களின் சொற்களை அவர்தம் வழக்கிலேயே பதிவுசெய்யும் பணி வேறானது. அதற்குரிய தலைமுறையோ மறைந்துவருகின்றது.