ஒன்பது நாள்

(இந்தியக் கூடைப்பந்து வரலாறு: தொடர்)

2015 ஜூன் 25. நியூயார்க்கின் புரூக்ளினில் நடந்த என்.பி.ஏ. டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி), 52-வது ஆளாக டல்லஸ் மேவரிக்ஸ் எடுத்தது சத்னம் சிங்கை. இந்தியாவிலிருந்து ஒருவர் அப்படி எடுக்கப்பட்டது அதுவே முதல் முறை. வயது 19, உயரம் 7 அடி 2 அங்குலம், எடை சுமார் 130 கிலோ.

பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து விவசாயி மகன். அப்பாவும் ஏழடி ஆள். லூதியானா அகாடமியில் பயிற்சியாளர் சங்கரன் சுப்பிரமணியனிடம் பாடம். 2010-ல், ஆங்கிலம் தெரியாமலே, ஃப்ளோரிடாவின் ஐ.எம்.ஜி. அகாடமிக்குப் போனார். மறு வருடம் வூஹானில் நடந்த ஆசியச் சாம்பியன்ஷிப்பில் இந்திய சீனியர் அணிக்கே ஆடிவிட்டார். 15 வயதில்!

அவர் உயரத்தைப் பார்த்து வந்தவர்களை வியக்க வைத்தது அவர் கை. அந்த உடம்புக்கு எதிர்பார்க்காத மென்மை. வளையத்திலிருந்து தள்ளி நின்றும் பந்தைப் பதமாகப் போடுவார். முதுகைக் கொடுத்து இடம் பிடித்துவிட்டால் நகர்த்தவும் முடியாது.

சிக்கல் காலில். எதிரணியில் ஒருவர் குறுக்கே நின்று பந்துள்ள சகாவுக்கு வழி திறக்கும் 'பிக் அண்ட் ரோல்' போட்டால், வளையத்தடியைக் காக்கும் நெட்டை ஆளான சென்டர் அதை விட்டு வெளியே வந்து, குட்டையான வேகக்காரனைச் சில நொடியாவது மறித்தாக வேண்டும். சத்னம் ஓரடி நகர்வதற்குள் அவன் தாண்டியிருப்பான். இன்றும் பள்ளித் தளங்களில் பார்க்கிறேன்: நெட்டைப் பையன் என்றால் வளையத்தடியில் நிறுத்தி "கையைத் தூக்கு" என்கிறார்கள். காலுக்குப் பயிற்சி கொடுப்பவர் குறைவு.

சத்னம் இருபது வருடம் முன்பு பிறந்திருந்தால் இந்தக் கால் குறை இவ்வளவு உறுத்தியிருக்காது. டிராஃப்டுக்கு ஒன்பது நாள் முன்புதான் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் என்.பி.ஏ. கோப்பையை வென்றது. எப்படி? இறுதித் தொடரில் 1-2 என்று பின்தங்கியிருந்தபோது, ஏழடி சென்டர் ஆண்ட்ரூ போகட்டை முதல் ஐவரிலிருந்து தூக்கிவிட்டு, 6 அடி 6 அங்குல ஆட்டக்காரர் இக்வடாலாவைப் போட்டது. அடுத்த மூன்று ஆட்டத்தையும் வென்றது. இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதும் இக்வடாலாவுக்கே. சத்னம் கதவைத் தட்டிய அதே மாதத்தில் சென்டர்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

என் கணிப்பில், இதைவிடப் பெரிய இழப்பு கல்லூரிக் கூடைப்பந்து ஆடாததுதான். கால் பழக அவருக்கு அந்த நான்கு வருடம் தேவைப்பட்டது. டல்லஸின் துணை அணியான டெக்சாஸ் லெஜண்ட்ஸில் இரண்டு சீசன் பெரும்பாலும் பெஞ்சில் கழிந்தது, என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. பிறகு கனடா லீக், ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி இரண்டு வருடத் தடை. 2021-ல் அமெரிக்காவின் ஏ.இ.டபிள்யூ. மல்யுத்த நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. அங்கே பிக் அண்ட் ரோல் கிடையாது.

கபடி ஆடிக்கொண்டிருந்த அம்ரித்பால் சிங், பிந்தி வந்து கூடைப்பந்து பழகி, சிட்னி கிங்ஸ் அணி வரை போன கதை அடுத்த இதழில்.